பக்கத்துக்கு இருநூற்றைம்பது

புதுக்கடை என்று பேர்.
கடை தேடி இங்கே வருகிறவர் குறைவு,
கடைக்காரன் மேல் கோபத்தோடு வருகிறவர்தான் அதிகம்.
நீதிமன்ற மதிலோரம், வாகை நிழலில்
நாலு மேசை, நாலு தட்டச்சு.
என்னுடையதில் 'ஞ' விழாது.
ஞாயிற்றுக்கிழமை வாங்கிய சாமானுக்கு
கிழமையை விட்டுத் திகதியை மட்டும் அடிப்பேன்.

நான் சட்டத்தரணி இல்லை. சொல்லியும் பார்த்தேன்.
மெசினுக்குப் பின்னால் இருக்கிறவனிடம்
சனம் கேட்கத்தான் செய்யும்.

'விற்ற பொருள் திருப்பி எடுக்கப்படமாட்டாது' எண்டு
பில்லில அச்சடிச்சிருக்கு, அப்ப சரிதானே?
அச்சடித்ததெல்லாம் சட்டமென்றால், அம்மா,
கலண்டர்த் தாளில் வரும் ராசிபலனும் சட்டம்தான்.

ஸ்டிக்கருக்கு மேல ஸ்டிக்கர்,
சுரண்டினா மூண்டு விலை. எது என்ர விலை?
இனிச் சுரண்டாதீங்கள், அப்படியே கொண்டுபோங்கள்.

ஃபிரிட்ஜ் தொண்ணூற்றாறாம் நாள் நின்றுபோனது.
முறைப்பாட்டுக்கு மூன்று மாதம் என்கிறார்கள்.
மாபோலை மர்சூக் விரல் மடித்து எண்ணுகிறார்,
பெப்ரவரி வந்ததும் நிமிர்ந்து
கொஞ்சம் நம்பிக்கையோடு என்னைப் பார்க்கிறார்.
பெப்ரவரி அவருக்கு உதவுகிற மாதமில்லை.

செவ்வாய் பதினொரு மணிக்கு
குடையை மடிக்காமலே வந்து நின்றா ஃபெலிசிற்றா.
கொட்டாஞ்சேனையில் இடியப்ப வியாபாரம்,
விடியுமுன் நானூறு, பொழுதுபட முந்நூறு.
பில் குத்தும் கம்பியைக் கம்பியோடேயே கொண்டுவந்திருந்தா.

'நாலாம் குறுக்குத் தெருவில மூண்டு மொத்தக் கடை.
மூண்டு முதலாளி. ஒருத்தருக்கொருத்தர் ஆகாது எண்டு கதை.
போன திங்கள் அரிசிமா கிலோவுக்குப் பதினெட்டு ரூபா கூட.
மூண்டிலயும்.
பதினேழும் இல்ல, பத்தொன்பதும் இல்ல.
சண்டைக்காரருக்கு இந்த ஒற்றுமை எங்கால?'

அரிசி ஏறினால் மாவும் ஏறும், என்றேன்.
'ஏறட்டும். ஒரே படியில நிண்டு ஏன் கை கோக்குது?'

ஒரே விலை குற்றமில்லை,
கூடிப் பேசி வைத்த விலைதான் பிழை,
அதைக் காட்டுவது கஷ்டம்:
எப்போதோ ஒரு சட்டத்தரணி பெருமூச்சோடு சொன்னதை
என் குரலில் சொன்னேன்.

'எங்க கூடிப் பேசுவாங்கள்?'

தேத்தண்ணிக் கடையில்,
என்று வாய்வரை வந்தது.

அடிக்கத் தொடங்கினேன்.
மேற்படி வியாபாரிகள் தமக்குள் உடன்பாடு செய்து
போட்டியைத் தடுத்து...
அவ என் விரலைப் பார்க்கவில்லை. பலகையைப் பார்த்தா.
பக்கத்துக்கு ரூபா 250.
பார்வை தயாபரனின் பலகைக்கு நடந்தது,
பியதாசவினுடையதற்கு, ஹனீபாவினுடையதற்கு.
சிங்களத்திலும் 250 என்பது 250தான்.

'தம்பி, போன முறை வரேக்க இருநூறு.'
ரிபன் விலை கூடிப்போச்சு அக்கா.
'நாலு பேருக்கும் ஒரே நாளிலயா?'

மழை பெய்த ஒரு வெள்ளி.
பியதாச நெருப்புப்பெட்டியில் கணக்குப் போட்டான்.
ஒருத்தன் குறைச்சா நாலு பேரும் செத்தோம், என்றார் ஹனீபா.
நான் பேசவேயில்லை. மாலுபாண் வாயில் இருந்தது.
தலையை மட்டும் ஆட்டினேன்.
தலையாட்டினதும் உடன்பாடுதானா என்று
இத்தனை வருசத்தில் ஒருவரும் என்னிடம் கேட்டதில்லை.

மனு ஒரு பக்கத்தைத் தாண்டி நாலு வரி ஓடியிருக்கும்.
தாளை உருவிவிட்டுப் புதுத்தாள் போட்டு,
ஓரத்தை ஒடுக்கி, வரிகளை நெருக்கி,
ஒரே பக்கத்தில் அடக்கினேன்.
தயாபரன் தட்டுவதை நிறுத்திப் பார்த்தான்.

இருநூற்றைம்பதை எண்ணி வைத்தா. போகவில்லை.
'ரிசீற்?'

கொடுத்துப் பழக்கமில்லை.
வீணான தாளின் ஓரத்தைக் கிழித்து
திகதி, தொகை, என் பேர் எழுதினேன்.
வாங்கி, வாசித்து, ஒருமுறை மடித்து,
கம்பியில் அந்த மூன்று மா பில்லுக்கு மேலே
குத்தினா.